மார்ச் ஒன்றுக்குள் ஒரு கடிதம்

ஒன்பதாவது முறையாகவும் கடிதம் திரும்பி வந்துவிட்டது.

திருமூர்த்தி அங்கிள் வீட்டு ஃபேக்ஸ் மெஷின் சமையலறை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி ஆனால் போதும், ஒருமுறை விக்கிவிட்டுக் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில், இந்தக் குபெர்டினோவில் ஞாயிறு மாலை நாலு என்றால் டோக்கியோவில் திங்கள் காலை ஒன்பது. ஓனோதேரா என்ற அந்த மேனேஜர் ஆபீசுக்குள் நுழைந்து, குடையை மூலையில் சாத்திவிட்டுச் செய்கிற முதல் வேலை இதுதான் போலிருக்கிறது. அந்த ஆளைப் புஷ்பவல்லி பார்த்ததே கிடையாது. பார்க்காமலே அவர்மேல் எரிந்துகொண்டு வந்தது.

வந்த காகிதத்தில் மாடியறை ஜப்பான் பெண் ஹினாகோவின் கையெழுத்து மேலிருந்து கீழாக இறங்கியிருந்தது. அதன் மேலேயே தடித்த பேனாவால் வட்டங்கள், அடித்தல்கள், ஓரத்தில் குறிப்புகள். ஹினாகோ அதை இரண்டு கையாலும் எடுத்து, நின்ற இடத்திலேயே படித்தாள்.

"என்னவாம் கண்ணு?" என்று சாந்தாமணி ஆன்ட்டி வெங்காயம் அரிவதை நிறுத்தாமல் தமிழில் கேட்டாள். அந்தப் பெண்ணிடம் ஆன்ட்டி எப்போதும் தமிழில்தான் பேசுவாள். உடுமலைப்பேட்டைத் தமிழை மெதுவாகப் பேசினால் யாருக்கும் புரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. பாதி நேரம் புரியவும் செய்தது.

"எழுத்து வட்டமாக இருக்கிறது," என்றாள் ஹினாகோ, தனக்குத் தெரிந்த துண்டு ஆங்கிலத்தில். "சின்னப் பெண் எழுத்து. வருந்துகிற ஆள் இப்படி எழுத மாட்டாள். சதுரமாக எழுத வேண்டும்."

"வேறு?" என்றாள் புஷ்பவல்லி.

"ஏமாற்றம் தந்தேன் என்பது போதாது. துரோகம் செய்தேன் என்று போட வேண்டும்."

ஆன்ட்டியின் மகள் ரோஷினி, பதினாலு வயது, மேடைமேல் உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "தட் கை இஸ் ஸோ மீன்," என்று ஆங்கிலத்தில் அந்த ஆளைத் திட்டினாள்.

"துரோகமாம் ஆன்ட்டி," என்றாள் புஷ்பவல்லி. "இவ என்ன நாட்டையா வித்துட்டா?"

"அவங்க ஊரு வழக்கம் என்னமோ. உனக்கெதுக்கு அம்மிணி இத்தனை வேகம்? நீ போயி அந்தத் தயிரை எடுத்து வெளிய வை."

ஹினாகோ காகிதத்தை மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பத்தாவது கடிதத்தை ஆரம்பிக்க.

மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் புஷ்பவல்லி ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருந்தாள். வயது இருபத்தைந்து. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். அவள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எச்-ஒன் விசாவில் வந்து, இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தவறாகக் கணக்குப் போடுமா என்று சோதிக்கிற வேலை. இன்னொரு அறைக்கு டிசம்பரில் ஹினாகோ வந்தாள். ஆங்கிலம் படிக்க வந்திருக்கிறாள், ஒரு குடும்பத்தோடு தங்க இடம் வேண்டும் என்று கம்யூனிட்டி காலேஜிலிருந்து சொன்னார்கள். சாதுவான பெண், ரசம் குடிக்கிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள். ஆன்ட்டிக்கு வேறென்ன வேண்டும்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் ரோஷினி. ஜனவரியில் ஒருநாள் இன்டர்நெட்டில் எதையோ தேடப்போய், நாலு தாள்களை பிரின்ட் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். முதல் தாளில் ஐந்து பெண்கள், ஒரே மாதிரி மஞ்சள் கவுன், ஒரே மாதிரி சிரிப்பு. 'ஐந்து எலுமிச்சைகள்' என்று அர்த்தம் வருகிற பெயராம் அந்தக் குழுவுக்கு. இடது ஓரத்தில் நின்றவள் ஹினாகோ. ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில்கூட அந்த முகம் இருந்ததாம்.

இரண்டாவது தாளில் வேறு படம். நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகை போட்டது. ஆட்கள் சேர்ந்து பாடிக் களிக்கிற கரோக்கி அறை ஒன்றில் ஹினாகோ, பக்கத்தில் வேறொரு குழுவில் பாடுகிற பையன், அவள் கையில் பீர் கேன். அந்த நாட்டில் குடிக்க இருபது வயது ஆக வேண்டும். அவளுக்குப் பதினேழு. பையனுக்குப் பத்தொன்பது. பையனை நிர்வகிக்கிற ஏஜென்சி இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தது. அந்தச் சனிக்கிழமையே அவன் டிவியில் பாடினான். ஹினாகோவின் முகத்தை மட்டும் கடைகளில் இருந்த போஸ்டர்களில் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிக்கப் போகிறாள் என்று சொல்லி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். தப்பு செய்த பெண்ணை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாத இடத்தில் கொஞ்ச நாள் வைத்திருப்பது அங்கே வழக்கமாம்.

"பீர் குடிச்சுதா இந்தப் புள்ள," என்று ஆன்ட்டி ஒரு நிமிடம் தாடையில் கைவைத்தாள். பிறகு ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அங்கிளைப் பார்த்தாள். "ஏனுங்க, காரேஜ்ல பழைய பேப்பருக்குப் பின்னால என்ன வெச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. உங்களை எந்த ஊருக்கு அனுப்பலாம்?"

அங்கிள் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். விவகாரம் வீட்டளவில் அதோடு தீர்ந்தது.

டோக்கியோவில் தீரவில்லை. மார்ச் இருபத்தாறாம் தேதி ஐந்து பேரின் பெரிய நிகழ்ச்சி. அதில் ஹினாகோ இடது ஓரத்தில் நிற்பாளா மாட்டாளா என்பது ஒரு கடிதத்தைப் பொறுத்தது. ரசிகர்களுக்கு மன்னிப்புக் கடிதம். கையால் எழுத வேண்டும். கோடு போட்ட வெள்ளைத் தாள், கறுப்பு மை, அடித்தல் கூடாது. ஓர் எழுத்து பிசகினாலும் புதுத் தாளில் முதலிலிருந்து. மார்ச் ஒன்றாம் தேதி காலை ஹினாகோவின் ஏஜென்சி அதை எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஃபேக்ஸ் செய்யும். அதற்குள் ஓனோதேராவுக்குத் திருப்தியாகிற மாதிரி ஒன்று வர வேண்டும்.

ஹினாகோவுக்கு மேடை வேண்டும். அதில் ஒளிவுமறைவே இல்லை. கம்யூனிட்டி காலேஜ் விட்டு வந்ததும் காரேஜில் டொயோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிற கொஞ்ச இடத்தில் ஆடிப் பார்ப்பாள். ஓரத்திலேயே ஆடுவாள். அங்கே இல்லாத நாலு பேருக்கு இடம் விட்டு, ஒருத்தி குறுக்கே வருகிற கணத்தில் சரியாக விலகி, அவள் போனதும் மறுபடி உள்ளே வந்து. துரத்திவிட்ட பிறகும் இடம் விட்டு நிற்கிறாளே, எப்படிப் பழக்கி வைத்திருக்கிறான்கள் என்றுதான் முதல் தடவை பார்த்தபோது புஷ்பவல்லிக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் வேறு மாதிரி தோன்றியிருக்கும். புஷ்பவல்லி பார்த்தது அவள் கால்களை மட்டும்.

அவள் கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது டோக்கியோவில் இல்லை, ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். காலேஜ் பஸ் போன பிறகு, வகுப்புப் பையன் சேனாபதியோடு எதிர்க்கடையில் நின்று ஒரு கோலி சோடா குடித்தாள். லேப் ரெக்கார்டு பற்றித்தான் பேச்சு. வார்டன் பார்த்துவிட்டாள். மறுநாள் பிரின்சிபால் அறையில், அப்பா கையெழுத்தோடு அபாலஜி லெட்டர் கொண்டுவந்தால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். சேனாபதியை யாரும் கூப்பிடக்கூட இல்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அந்த அறையின் தரை விரிப்பில் கால் படாமல் ஓரமாக நின்றார். லெட்டரை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ். "என்னம்மா எழுதியிருக்கு?" என்று மெல்லக் கேட்டார். "லீவு லெட்டர்ப்பா," என்றாள். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

எழுதினாள். ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சை, பட்டம், சென்னை, விசா எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்தன. ஆனால் அந்த அறையை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. ஆறு வருடமாக ராத்திரியும் பகலும் மனதுக்குள் அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பிரின்சிபாலுக்குப் பதில் சொன்னாள், வார்டனுக்குப் பதில் சொன்னாள், அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் பதில் முன்னைவிடக் கூர்மையாக வந்தது.

பிப்ரவரி இருபத்தாறு, சனிக்கிழமை. காரேஜில் டிரையரிலிருந்து சுடச்சுடத் துணியை எடுத்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நாலு மணிக்குள் பத்தாவது கடிதம் போயாக வேண்டும். ஹினாகோவின் வலது கை நடுவிரலில் பேனா அழுத்திய இடம் காய்த்திருந்தது.

"எழுதாதே," என்றாள் புஷ்பவல்லி.

ஹினாகோ நிமிர்ந்து பார்த்தாள். "எழுதாவிட்டால் மேடை இல்லை."

"அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். ஐந்து பேர் பாட்டை நாலு பேர் எப்படிப் பாடுவார்கள்? டிக்கெட் விற்றாகிவிட்டது. உன்னை விட்டால் அவர்களுக்கு வழி கிடையாது. அந்தப் பையன் எழுதினானா?"

"இல்லை. அவனுடைய ஏஜென்சி டைப் செய்தது."

"பார்த்தாயா. நீ மட்டும் துரோகி. நீ மட்டும் சதுரமாக எழுத வேண்டும்."

ஹினாகோ ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"புஷ்பாசானிடம் யாராவது இப்படிக் கடிதம் கேட்டிருக்கிறார்களா?" என்றாள். பெயருக்குப் பின்னால் அந்த 'சான்' அவர்கள் ஊர் மரியாதை. நம் 'ங்க' மாதிரி.

"கேட்டிருக்கிறார்கள். காலேஜில்."

"எழுதினீர்களா?"

இங்கேதான் அது நடந்தது. யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை. ஆறு வருடம் ஒத்திகை பார்த்த வசனம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இல்லை. எழுதவில்லை."

"எழுதவில்லையா?" ஹினாகோவின் கை நின்றது. "அப்புறம் என்ன ஆனது?"

"ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார். அமெரிக்காவில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன்."

ஹினாகோ சிரித்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக வாயைக் கையால் மூடாமல் சிரித்தாள். புஷ்பவல்லிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சொன்னது பொய் என்பதே அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு ஃபேக்ஸ் போகவில்லை. நாலு பத்துக்கு டோக்கியோவிலிருந்து போன் வந்தது. ஹினாகோ சமையலறைச் சுவரோரம் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் குனிந்து குனிந்து, நாலைந்து வாக்கியம் பேசினாள். பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கத்தினாரா?" என்றாள் புஷ்பவல்லி.

"இல்லை. புரிந்தது என்றார். இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி என்றார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பயந்துட்டான் ஆன்ட்டி. ஒரு தடவை நிமிர்ந்து நின்னா போதும், இவனுங்க எல்லாம் இப்படித்தான்."

ஆன்ட்டி அடுப்பைச் சின்னதாக வைத்தாள். "நன்றின்னு சொன்னா நல்லதாம்மிணி?" என்று மட்டும் கேட்டாள். புஷ்பவல்லி அதைக் காதில் வாங்கவில்லை. ஹினாகோவையும் ரோஷினியையும் காரில் போட்டுக்கொண்டு பீட்ஸா வாங்கித்தரக் கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் புஷ்பவல்லியே பேசினாள். சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து ஹினாகோ கேட்டாள்: "நீங்கள் எழுதாதபோது அப்பா கோபித்தாரா?"

"சந்தோஷப்பட்டார்," என்றாள் புஷ்பவல்லி. ஒரு பொய் சொன்னால் அதற்கு வீடு, வாசல், உறவு எல்லாம் கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி, செவ்வாய். ஆபீசில் எல்லோரும் அந்தத் தேதிக்காகத்தான் காத்திருந்தார்கள். நூற்றாண்டு முடிகிற வருடத்தில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது உண்டா இல்லையா என்று சில கம்ப்யூட்டர்கள் குழம்பலாம். டீம் லீட் நஞ்சுண்டன் காலையிலிருந்தே, "இன்னிக்கு பொறந்த குழந்தைக்கு நாலு வருஷத்துக்கு ஒரு கேக்தான், அப்பன்காரன் குடுத்து வெச்சவன்," என்று ஒவ்வொரு டேபிளாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் குழம்பவில்லை. எல்லாத் தேதியும் சரியாக விழுந்தது. ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினாள். டோக்கியோவில் மார்ச் ஒன்று, காலை பத்து.

வீட்டில் ரோஷினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹினாகோ அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏஜென்சியின் இன்டர்நெட் பக்கம். ஹினாகோவே படித்துச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல. "படிப்பில் கவனம் செலுத்த விரும்பி, தன் சொந்த விருப்பத்தின்படி, குழுவிலிருந்து விலகுகிறார். இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி."

கீழே புதுப் படம். மஞ்சள் கவுன், ஐந்து பேர். நாலு பேர் பழையவர்கள். இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெண், பதினாலு வயதிருக்கும். இரண்டு மாதமாகவே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடிதம் வந்தால் அந்தப் பெண் காத்திருப்பாள், வராவிட்டால் நிற்பாள். அவர்களுக்கு இரண்டு வழியும் தயாராக இருந்தது. புஷ்பவல்லிதான் ஒன்றை மட்டும் பார்த்தாள்.

"சொந்த விருப்பமா?" புஷ்பவல்லி பையைத் தரையில் போட்டாள். "விடக் கூடாது இதை. ரோஷினி, எந்திரி. இமெயில் அட்ரஸ் இருக்கா பாரு. நான் எழுதுறேன். பேப்பர்காரங்களுக்கும் அனுப்பலாம். பத்தொன்பது வயசுப் பையன் பாடறான், பதினேழு வயசுப் பொண்ணை..."

"புஷ்பாசான்."

ஹினாகோ திரும்பியிருந்தாள். அழவில்லை. முகத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது, கணக்கு ஏன் தப்பாக வந்தது என்று வாத்தியாரிடம் கேட்கிற பிள்ளையின் கேள்வி.

"நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏன் ஆனது?"

புஷ்பவல்லி தரையில் கிடந்த பையை எடுத்தாள். "குளிச்சுட்டு வரேன்," என்றாள். யாரோ கேட்டது போல. மாடியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை காபிக்கு இறங்கியபோது ஆன்ட்டி மட்டும் இருந்தாள்.

"அந்தப் புள்ள எந்திரிக்கவே இல்ல. காலேஜுக்கும் போகல. நீ அதுக்கு என்ன சொல்லிக் குடுத்தே அம்மிணி?"

சொன்னாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கோலி சோடா, பிரின்சிபால், அப்பா, டிரையர். ஆன்ட்டி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ எழுதிக் குடுத்தியா இல்லியா?"

"குடுத்தேன்."

"குடுத்துட்டுத்தானே பரீட்சை எழுதினே?"

"ஆமா."

"அப்ப அதைச் சொல்லியிருந்தா என்ன? நான் எழுதினேன், இன்னும் வயிறு எரியுது, நீ யோசிச்சுக்கோன்னு. அது ஒரு பேச்சு. முடிவை அந்தப் புள்ளயே எடுத்திருக்கும்."

"அவங்க பண்ணது அநியாயம் ஆன்ட்டி. அந்த லெட்டர் கேட்டது அநியாயம்தான்."

"யாரு இல்லேன்னா? நீ உன்ற சண்டையை அந்தப் புள்ள கையில குடுத்து அனுப்பிட்டே. தோத்தது அது. நீ ஆபீசுக்குப் போயிட்டு வரே." ஆன்ட்டி குரலை உயர்த்தவே இல்லை. பால் பொங்குகிறதா என்று பார்த்தாள். "காபியை எடுத்துட்டு மேல போ. ரெண்டு டம்ளரா எடுத்துட்டுப் போ."

ஹினாகோ கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மேஜையில் வெள்ளைத் தாள் கட்டு, மூடி போட்ட பேனா. புஷ்பவல்லி டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

"நான் எழுதினேன்," என்றாள் புஷ்பவல்லி.

ஹினாகோ புரியாமல் பார்த்தாள்.

"காலேஜில். அவர்கள் கேட்டார்கள், நான் எழுதிக் கொடுத்தேன். எழுதவில்லை என்று சொன்னது பொய்."

வெளியே குப்பை லாரி தொட்டிகளைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டே தெருவில் போனது. ஹினாகோ ஒரு வாய் காபி குடித்தாள்.

"என்ன எழுதினீர்கள்?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனப்பாடமாக இருந்தது. மதிப்பிற்குரிய ஐயா என்பதில் ஆரம்பித்து, என் ஒழுக்கக் குறைவான நடத்தைக்கு மனமார வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன், தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்பது வரை ஒப்பித்தாள். இவ்வளவு சின்னக் கடிதமா அது என்று ஒப்பித்து முடித்தபோது அவளுக்கே தோன்றியது. ஆறு வரி.

"ஒழுக்கக் குறைவு என்று நீங்களே போட்டீர்களா?"

"போடச் சொன்னார்கள். போட்டேன்."

"அப்பா படித்தாரா?"

"அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. லீவு லெட்டர் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்."

"அப்பாவிடமும்," என்றாள் ஹினாகோ. குத்திச் சொல்லவில்லை. கணக்கு இப்போது சரியாக வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள். காபியை முழுக்கக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்கள் சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேன். எனக்கு ஓனோதேராவைப் பிடிக்காது. அந்தக் கடிதமும் பிடிக்காது. ஆனால் பாடப் பிடிக்கும். பதினொரு வயதிலிருந்து அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"ஸாரி, ஹினாகோ."

அவள் எழுந்து மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அன்றும் மறுநாளும் எழுதினாள். இப்போது யாரும் கேட்கவில்லை. மார்ச் ஒன்று தாண்டிவிட்டது. புஷ்பவல்லி வியாழக்கிழமை லீவு போட்டாள். ஆபீசில் காரணம் கேட்டார்கள், வயிற்றுவலி என்றாள். மாடிக்கும் கீழுக்குமாகச் சோறும் தண்ணீரும் எடுத்துப் போனாள். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. குப்பைக்கூடையில் சுருட்டிப் போட்ட தாள்கள் நிறைந்தன. மூன்றே முக்காலுக்கு ஹினாகோ ஒரு தாளோடு இறங்கி வந்தாள். மேலிருந்து கீழாக ஒன்பது வரி. எழுத்துகள் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. அவளுடைய கை இயல்பாக எழுதினால் எப்படி எழுதுமோ அப்படி இருந்தது.

"என்ன போட்டிருக்கே?" என்று ஆன்ட்டி தமிழில் கேட்டாள்.

"பீர் குடித்தேன். தப்பு. என்னால் மற்ற நாலு பேருக்கும் கஷ்டம் வந்தது. மன்னியுங்கள். எனக்குப் பாட வேண்டும்." ஹினாகோ ஆங்கிலத்தில் சொன்னாள். "துரோகம் என்று போடவில்லை."

அவளே எண்ணை அழுத்தினாள். தாள் உள்ளே இழுபட்டு மறுபக்கம் வந்தது. மெஷின் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகச் சின்னத் துண்டு ஒன்றைக் கொடுத்தது. நாலு பேரும் சமையலறையிலேயே இருந்தார்கள். ஆன்ட்டி செய்யவேண்டிய தேவையே இல்லாத பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். ரோஷினி வீட்டுப்பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதவில்லை. நாலே முக்காலுக்கு போன் அடித்தது; அங்கிள், வரும்போது பால் வாங்க வேண்டுமா என்று கேட்டார். ஆன்ட்டி, "போனை வெய்யுங்க மொதல்ல," என்று வைத்துவிட்டாள்.

ஐந்து இருபதுக்கு மெஷின் விக்கியது.

அதே கடிதம் திரும்பி வந்தது. ஒரு வட்டம் இல்லை, ஓர் அடித்தல் இல்லை. அடியில் மட்டும் மெல்லிய பேனாவால் இரண்டு வரி. ஹினாகோ இரண்டு கையாலும் எடுத்துப் படித்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் புஷ்பவல்லி.

"நல்ல கடிதம் என்கிறார். திருத்தம் இல்லை என்கிறார்."

"அப்புறம்?"

"ஞாயிற்றுக்கிழமை இது வந்திருக்கலாம் என்கிறார்."

ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி பீட்ஸா வாங்கிக் கொடுத்தாள். அதற்கு முந்தின நாள் துணி மடித்தாள். அவள் அந்த இரண்டு நாளையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பழைய வழக்கம்தான், இதில் மட்டும் அவளுக்குக் கூர்மையான பதில் எதுவும் வரவில்லை. துணியை மடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு படியேறிப் போகிற புஷ்பவல்லிதான் மனதில் வந்தாள்.

"உக்காரு கண்ணு, ரெண்டு பஜ்ஜி தின்னு," என்றாள் ஆன்ட்டி. ஹினாகோ உட்கார்ந்தாள். இரண்டு தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, "புஷ்பாசான், ஓர் உதவி," என்றாள். "என் டிக்கெட் ஜூன் மாதத்துக்கு இருக்கிறது. ஏஜென்சி பணம் கட்டாமல் இங்கே இருக்க முடியாது. அடுத்த வாரத்துக்கு மாற்ற வேண்டும். போனில் பேச என் ஆங்கிலம் போதாது."

"நான் பேசுகிறேன்."

"பொய் எதுவும் சொல்ல வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்."

ஏர்லைன்ஸ் எண்ணுக்கு அடித்துவிட்டு, பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி இருபது நிமிடம் நின்றாள். ஹினாகோ பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்திருந்தாள். ஒருவழியாக ஒரு பெண் வந்தாள். தேதியை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டாள். படிப்புக்காக என்றோ வீட்டில் அவசரம் என்றோ சொல்வதற்கு நாக்கு பழகித்தான் இருந்தது. புஷ்பவல்லி ஒரு மூச்சு நிறுத்தினாள்.

"அவளுக்கு இங்கே இனி வேலை இல்லை," என்றாள்.

சரி, பயணியின் பெயரைச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். சொன்னாள். புரியவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். பாஸ்போர்ட்டைப் பார்த்து புஷ்பவல்லி மெதுவாகச் சொன்னாள். எச். ஐ. என். ஏ. கே. ஓ. மறுமுனையில் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்ல முடியுமா, மேடம்?"

புஷ்பவல்லி முதலிலிருந்து சொன்னாள்.